கை கால் வந்தாச்சு, மனுஷர் இன்னும் வரலை

தாராவிச் சந்துகளில் பல வீடுகளுக்கு மாடிப்படி என்று தனியாக இடம் கிடையாது. பத்துக்குப் பதினைந்து அடியில் ஓர் அறை. சுவரோடு ஒட்டி, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஏறும்போது பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. மேலே இருப்பதை மும்பைத் தமிழர்கள் 'மாளா' என்பார்கள். கீழே சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு. மேலே படுக்கை, பெட்டிகள், சில வீடுகளில் தையல் மெஷின்.

அப்படி ஒரு வீட்டை மனதில் வரைந்துகொள்வோம். பெயர் வேண்டாம், பல வீடுகளின் சாயல் அதில் இருக்கட்டும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்காரருக்கு வயது 52. ஒருநாள் விடியற்காலையில் எழுந்திருக்கப் பார்த்தார். வலது கையும் காலும் வரவில்லை. வாய் கோணிக்கொண்டது, சொல் குழறியது. பக்கத்து வீட்டார் 'லக்வா', அதாவது பக்கவாதம், என்றார்கள். ஊரிலிருந்து போனில் பேசிய பெரியம்மா 'காத்து அடிச்சிருக்கும்' என்றார். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். நல்லவேளை, மூத்த மகன் யாரையும் கேட்காமல் டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை கொடுத்தார்கள். ஃபிசியோதெரபி சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் கைத்தடி ஊன்றி நடக்கிறார். சந்தில் எல்லோரும் 'தேறிட்டாரே' என்கிறார்கள்.

தேறவில்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். ஏணி ஏற முடியாததால் அவர் படுக்கை இப்போது கீழே, அடுப்புக்கு எதிரே. சவரம் செய்துகொள்ளச் சொன்னால் எரிந்து விழுகிறார். டீக்கடைக்குக் கூப்பிட வந்த நண்பரைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். டி.வி.யில் யாரோ அழுதால் இவரும் தேம்பி அழுகிறார். கை கால் வந்துவிட்டது. கட்டிய மனுஷர் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த இரண்டாவது பாதிக்கு எந்த வார்டில் சீட்டு எழுதுகிறார்கள்?

மும்பையில் பக்கவாதம் எவ்வளவு பரவலானது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் பி.எம். தலாலும் அவரது குழுவினரும் நகரின் ஒரு வார்டில், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு, 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் 145 பேருக்கு முதன்முறையாகப் பக்கவாதம் வருகிறது என்று தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்துபோனார்கள். பிழைத்த எழுபது சதவீதம் பேர் வீடு திரும்புகிறார்கள். அதற்குப் பின்னால் நடப்பது ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது.

உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொள்கின்றன. மூளையில் ரத்தம் போகாமல் செத்துப்போன பகுதி, உணர்ச்சிகளைச் சீராக வைத்திருக்கும் இணைப்புகளையும் அறுத்திருக்கலாம். அதோடு, நேற்றுவரை வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் இன்று சந்துக் கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் போகவே மகனின் தோளைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றே போதும் மனசு உடைய.

ஆனால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிகிற எல்லாமே மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது. வீட்டிலிருப்பவர்கள் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

'சும்மாவே உட்கார்ந்திருக்கார், எதிலும் ஒரு பிடிப்பு இல்லை' என்பது ஒரு வகை. சோகமாக இருப்பதாகத் தோன்றாது. கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார். ஒரு செயலைத் தொடங்குவதற்கான உந்துதல்தான் மூளையில் அடிபட்டிருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வீடு இதைச் சோம்பேறித்தனம் என்று படித்து, 'முயற்சி பண்ணினாத்தானே' என்று திட்டுகிறது. இவர்களுக்குத் திட்டு உதவாது. வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டி, முதல் படியை மற்றவர் தொடங்கிவைத்தால் இரண்டாவது படியை அவரே எடுப்பார். சட்டையைக் கையில் கொடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

காரணமே இல்லாமல் அழுகை, சில நேரம் சிரிப்பு. அதுவும் அடக்க முடியாத வேகத்தில். இது இன்னொரு வகை. ஐந்தில் ஒருவரிடம் காணப்படுகிறது. பேரன் வந்து 'தாத்தா' என்றால் போதும், பொலபொலவென்று கண்ணீர். ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். உள்ளே அவ்வளவு துக்கம் இருக்க வேண்டும் என்றில்லை. அழுகைக்கான மடையைத் திறந்து மூடும் இடம் பழுதாகியிருக்கிறது. 'ஐயோ ஏன் அழுறீங்க' என்று வீடே கூடி நின்றால் அழுகை நீளும். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, பேச்சை வேறு பக்கம் திருப்பினால் அடங்கும். தொல்லை அதிகமாக இருந்தால் மருந்தும் உண்டு.

மூன்றாவது, களைப்பு. ஏறக்குறைய பாதிப்பேர் சொல்வது இதைத்தான். குளித்துவிட்டு வந்தாலே பத்து மூட்டை தூக்கியதுபோல் இருக்கும். நான்காவது, பயம். மறுபடி வந்துவிடுமோ, தூக்கத்தில் வந்துவிடுமோ என்ற நினைப்பில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் பலர். உண்மையான மனச்சோர்வு இவற்றோடு கலந்தே வருவதால், பக்கத்தில் இருப்பவர் சொல்வது மருத்துவருக்கு முக்கியம். பேச முடியாத நோயாளிகளுக்காகவே 1990-களில் இங்கிலாந்தில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அதை நிரப்புவது பராமரிப்பவர். அழுகிறாரா, முகம் பார்க்கிறாரா, இரவில் புரண்டு படுக்கிறாரா என்று கண்ணால் காண்பதை மட்டும் கேட்கும் தாள் அது.

இனி, அந்தத் தாளை நிரப்புகிறவரைப் பார்ப்போம்.

கொல்கத்தாவில் பக்கவாத நோயாளிகளைப் பராமரிப்பவர்களை வீடு வீடாகச் சென்று கேட்ட ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வேலைச்சுமை கூடிவிட்டது என்றவர்கள் 70 சதவீதம். பதற்றமும் மனச்சோர்வும் இருப்பதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். தூக்கம் கெட்டதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். பணக்கவலை சொன்னவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல்; குடிசைப் பகுதிகளில் அது இன்னும் கடுமை. கொல்கத்தா என்பதை அழித்துவிட்டு தாராவி என்று எழுதினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நம் வீட்டுக்காரரின் மனைவி விடிகாலை நான்கரைக்கு எழுகிறார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. ஏழு மணிக்குள் கணவரைத் துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்தாக வேண்டும். பிறகு இரண்டு வீடுகளில் பாத்திர வேலை. திரும்பி வந்தால் கைகால் பயிற்சி. இரவில் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு முறை எழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்கும் கேள்விகள் எல்லாமே 'பேஷண்ட் சாப்பிட்டாரா, பேஷண்டுக்கு மோஷன் போச்சா' என்பவைதான். 'நீங்க தூங்கினீங்களாம்மா' என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் ஊரில் எளிதாகத் தோன்றும் தீர்வு. கூட்டுக்குடும்பம், பாசம், சொந்தபந்தம் எல்லாம் இருக்கிறதே! அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 'அட்டெண்ட்' என்ற பெரிய ஆய்வு இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 2014 தொடங்கி நடந்தது. லூதியானா சி.எம்.சி.யின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதன் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவர். 1,250 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டார் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து எண்ணினால் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு: 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தார்கள். 2017-இல் 'லான்செட்' இதழில் இந்த முடிவு வந்தபோது பலருக்கு ஏமாற்றம்.

குடும்பம் உதவாது என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கனவே முதுகு வளைந்து நிற்பவரின் தலையில் இன்னொரு பயிற்சி அட்டவணையை ஏற்றி வைத்தால் பலன் தானாக வந்துவிடாது என்று மட்டும் தெரிகிறது. மாத்திரையிலும் குறுக்குவழி இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடினைப் பக்கவாதம் வந்த எல்லோருக்கும் கொடுத்தால் கைகால் சீக்கிரம் வருமா என்று பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்தார்கள். 2019-இல் வந்த விடை: வராது. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது; எலும்பு முறிவு கூடியது. தேவைப்படுகிறவருக்கு அந்த மாத்திரை நிச்சயம் உதவும். எல்லோருக்கும் சுண்டல்போல் விநியோகிக்க முடியாது.

பேச்சு வழிச் சிகிச்சை என்று சொன்னதும் நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பேச்சே போனவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. 2003-இல் நாட்டிங்ஹாமில் 123 பக்கவாத நோயாளிகளிடம் வழக்கமான உளவியல் சிகிச்சையைச் செய்து பார்த்தார்கள். எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் முறை அது. குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் எண்ணங்களைப் பிரித்துப் பார்ப்பது, நினைவும் கவனமும் பேச்சும் சிதைந்தவருக்குப் பொருந்தாத சட்டை. ஆகவே சட்டையை வெட்டித் தைத்தார்கள். பேச்சிழந்து மனம் சோர்ந்தவர்கள் 105 பேரை எடுத்துக்கொண்ட இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், எண்ணத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தார்கள். எந்த வேலை செய்தபோது முகம் மலர்ந்தது என்று கண்டுபிடித்து, அதை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. பேச்சுக்குப் பதில் படங்கள், புகைப்படங்கள், பெரிய எழுத்தில் ஒற்றைச் சொற்கள். ஆறு மாதத்தில் அவர்களின் மனநிலை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நீளவாக்கில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நேரம், இரண்டாவதில் செய்த காரியம், மூன்றாவதில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மனநிலை. எழுத வராதவர் விரலால் காட்டுவார், மகள் எழுதுவாள்.

நம் வீட்டுக்காரரின் முதல் வார நோட்டில் 'படுத்திருந்தது – 2', 'டி.வி. – 3', 'படுத்திருந்தது – 2' என்றே போகும். நடுவில் எங்கோ ஒரு வரி: 'வாசலில் உட்கார்ந்தது – 5'. கவுன்சலர் கண்ணில் படுவது அந்த வரிதான். ஏன் ஐந்து? தெருவில் யாரோ வணக்கம் சொன்னார்கள். சரி, நாளையும் வாசல், பத்து நிமிடம் கூட. அடுத்த வாரம் சந்து முனை வரை. அதற்கடுத்து 90 அடி சாலையில் டீக்கடை பெஞ்ச்; இடது கையால் கிளாஸைப் பிடிக்க வீட்டிலேயே ஒத்திகை. மனசு தெளிந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. போக ஆரம்பித்தால் மனசு பின்னாலேயே கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. இந்த முறைக்கு ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பிந்தைய உளவியல் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறியவை. ஆனால் அவை காட்டும் திசை நம்பிக்கை தருவதாக இருக்கிறது.

தாராவியிலிருந்து மாட்டுங்கா கூப்பிடு தூரம்தான். கிங்ஸ் சர்க்கிள், ஆஸ்திக சமாஜம், பூக்கடைகள், ஃபில்டர் காபி. இங்கே பிரச்சினை வேறு வேஷத்தில் வரும். நாற்பது ஆண்டுகள் ஆபீசில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தியும் மராத்தியும், வீட்டில் தமிழ் என்று வாழ்ந்த ஒருவருக்கு மூளையின் இடது பக்கம் அடிபட்டால், எந்த மொழி முதலில் திரும்பும்?

குழந்தையில் கற்றது முதலில் வரும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு அறிஞர் சொன்னார். அதிகம் புழங்கியதுதான் முதலில் வரும் என்றார் இன்னொரு பிரெஞ்சு மருத்துவர். இரண்டும் நடக்கிறது, இரண்டுமல்லாததும் நடக்கிறது. ஆனால் பல மொழி பேசுவது மூளைக்கு ஒரு சேமிப்பு என்பதற்கு ஹைதராபாதில் ஒரு சான்று கிடைத்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் நினைவு, கவனம், திட்டமிடல் எல்லாம் சீராக இருந்தவர்கள், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில் 19.6 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ தெரிந்தவர்களில் 40.5 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஆகவே மும்பைத் தமிழரிடம் மனதைப் பற்றிப் பேசப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'எந்த மொழியில் பேசட்டும்' என்பதை. ஓ.பி.டி.யில் இந்தியில் கேட்டால் தலையாட்டிவிட்டு வருபவர், 'மனசு கிடந்து அடிச்சிக்குது' என்பதை இந்தியில் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம். பாந்த்ராவில் 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், நாயர் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவும் நகரத்தில் பேச்சிழந்தவர்களுக்கு இருக்கும் பெரிய வாசல்கள். அங்கே போகும்போது, வீட்டில் புழங்கும் சொற்களைப் பட்டியலிட்டு எடுத்துப்போவது நல்லது. 'குடிக்கத் தண்ணீர் வேண்டும்' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. 'தண்ணி தா' என்பதுதான் திரும்ப வர வேண்டிய சொல்.

பாட்டும் ஒரு வழி. சொந்தப் பெயரைச் சொல்லத் திணறுகிறவர், தினம் பாடிய பக்திப் பாடலை முழுதாகப் பாடிவிடுவதைக் கண்டு வீடே திகைக்கும். மனப்பாடமாக ஊறியதும் ராகத்தோடு வருவதும் மூளையில் வேறு தடங்களைப் பயன்படுத்துகின்றன. 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர்கள் இதையே ஒரு பயிற்சி முறையாக்கினார்கள்: சின்ன வாக்கியத்தை ராகமாக இழுத்துச் சொல்ல வைத்து, இடது கையால் தாளம் தட்டி, படிப்படியாக ராகத்தைக் குறைப்பது. பாட்டு வந்தால் பேச்சு தானாக வந்துவிடாது, பயிற்சி வேண்டும். ஆனால் பாட்டைக் கேட்பதற்கே மனதளவில் பலன் இருப்பதாக ஹெல்சின்கியில் 60 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டு மாதம் தினமும் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்கு நினைவும் கவனமும் கூடுதலாக மீண்டன. இசை இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மனச்சோர்வும் குழப்பமும் குறைந்திருந்தன. சண்முகானந்தா சபாவின் நிழலில் வாழ்பவர்களுக்குப் பாட்டுக்கா பஞ்சம்?

பேச்சு குழறினால் மரியாதை போய்விடும் என்ற பயம்தான் பலரை வீட்டுக்குள் அடைத்துவைக்கிறது. இதற்குத் தமிழர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் எம்.ஜி.ஆர். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் தாக்கி, சென்னை அப்போலோவிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். திரும்பி வந்தபோது பேச்சு தெளிவாக இல்லை. அப்படியே 1987 டிசம்பரில் இறக்கும்வரை முதல்வராக இருந்தார். மேடையில் அவர் கையசைத்தால் கூட்டம் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டது. பக்கவாதம் வந்தவர் பொது இடத்தில் குழறிப் பேசலாம் என்பதைத் தமிழ்நாடு மூன்று ஆண்டுகள் கண்ணால் பார்த்திருக்கிறது.

இன்னொருவர் தூர தேசத்துக்காரர். ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமர், தொழிலால் உளவியலாளர். சீர்திருத்தப் பள்ளி இளைஞர்களோடு வேலை செய்தவர். 1990-இல் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. இடது கையால் பியானோ வாசிக்கப் பழகினார். இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசைக்கோவைகளை வாசித்தார். கவிதையும் தொடர்ந்தது. 2011-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது, அவருடைய ஓரிரு சொற்களையும் முகக்குறிப்பையும் பிறருக்குப் பேச்சாக மாற்றிச் சொன்னவர் மனைவி மோனிகா. அந்த இருபத்தோரு ஆண்டுகளும் அவர் பக்கத்தில் இருந்தார்.

மோனிகாக்கள் செம்பூரில் நிறைய. ரிஃபைனரியிலும் உரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகள். பிள்ளைகள் நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ. 74 வயதுக் கணவரை 70 வயது மனைவி பார்த்துக்கொள்கிறார். பணம் இருக்கிறது, நர்சிங் பியூரோ அனுப்பும் ஆள் இருக்கிறார். ஆனால் பியூரோ ஆள் மாதத்துக்கொரு முகம். யாரைக் கண்டாலும் கணவருக்குக் கோபம். அந்தக் கோபத்தின் முழுப் பங்கும் மனைவிக்கு. சேடா நகர் முருகன் கோயிலுக்குத் தவறாமல் போனவர் இப்போது போவதில்லை. 'அவரை விட்டுட்டு எப்படிப் போறது' என்பார். நிஜமான காரணம், போய் வந்தால் குற்றம் செய்தது போல் இருக்கிறது.

உலக அளவில் பக்கவாத நோயாளிகளைப் பராமரிப்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது குழுச் சிகிச்சைகள் வடிவமைக்கப்படுகின்றன. வேல்ஸ் நாட்டில் உளவியலாளர்கள் 53 பக்கவாத நோயாளிகளிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. வாரம் ஒன்றாக நான்கே வகுப்புகள், வகுப்பறைபோல் உட்கார்ந்து கேட்கலாம், சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. போனது போனதுதான் என்ற துக்கத்தோடு மல்லுக்கட்டாமல், அதைக் கூடவே உட்காரவைத்துக்கொண்டு, எனக்கு முக்கியமான ஒன்றை இன்று செய்வேன் என்பது அதன் சாரம். மனச்சோர்வு குறைந்தது, நம்பிக்கை கூடியது. முன்பின் தெரியாத கவுன்சலரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லக் கூசும் நம் ஆட்களுக்கு, வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம் என்ற இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்தும்.

சரி, யார் செய்வது? இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அதிலும் தமிழ் தெரிந்தவர் மும்பையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

விடை பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மும்பையில் பிறந்த விக்ரம் பட்டேலும் 'சங்கத்' அமைப்பும், மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கவுன்சலர்களாக்கினார்கள். கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேர் அந்த ஆய்வில் கலந்துகொண்டனர். கவுன்சலர்கள் சொல்லித்தந்தது மேலே பார்த்த நோட்டு முறையைத்தான், ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள். வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம் பேர் தேறினார்கள். கவுன்சலரும் சேர்ந்தபோது 64 சதவீதம். அவர்கள் பக்கவாத நோயாளிகள் அல்லர். ஆனால் அந்த மொழியும் தெருவும் தெரிந்த ஒருவர் போதும் என்பதை அது காட்டியது. மும்பையிலேயே பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 2001 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. நரம்பியல் மருத்துவர் பி.எஸ். சிங்கால் தொடங்கியது. நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து வந்து உடற்பயிற்சி, பேச்சு, மனம் விட்ட உரையாடல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பெறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஃபிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்தால் தாராவிக்கு ஒரு சட்டை கிடைக்கும்: தமிழ் தெரிந்த உள்ளூர்ப் பெண் கவுன்சலர், வாரம் ஒருமுறை வீட்டு வாசலில், நோயாளிக்கு அரை மணி, பராமரிப்பவருக்கு அரை மணி.

அது வரும்வரை கையில் இருப்பவற்றையாவது பயன்படுத்தலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று சொல்ல ஆரம்பித்தால் அதைச் சலிப்புப் பேச்சு என்று ஒதுக்காமல் அன்றே அழைக்க வேண்டிய எண் அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பட்டியலிடும் 21 வகைகளில் கைகால் குறைபாட்டோடு மூளைப் பாதிப்பால் நிரந்தரமாக வரும் பேச்சிழப்பையும் சேர்த்திருக்கிறது. அந்த அட்டை இருந்தால் லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் உட்கார்ந்து போகலாம். வீட்டை விட்டுக் கிளம்ப வைப்பதற்கு அதுவே ஒரு சிகிச்சை. மனநலச் சிகிச்சைக்கும் உடல் சிகிச்சைக்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

நம் வீட்டுக்காரரின் நோட்டுக்குத் திரும்புவோம். கவுன்சலர் அதில் பக்கத்துப் பக்கத்தை மனைவிக்கென்று ஒதுக்கச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதே மூன்று கட்டம். நேரம், காரியம், மதிப்பெண். முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது; 'எனக்கென்ன இருக்கு எழுத' என்கிறார். மூன்றாவது வாரம் அவர் தங்கை சயான் கோலிவாடாவிலிருந்து வந்து, 'மச்சானை நான் பாத்துக்கிடுதேன், நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வாக்கா' என்று பையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள்.

இரவு மகள் நோட்டைத் திறக்கிறாள். அப்பாவின் பக்கத்தில் 'டீக்கடை – 6, சித்தி கூட பேச்சு – 7'. அம்மாவின் பக்கத்தில் ஒரே வரி: 'சாயங்காலம் 5 மணி, மாட்டுங்கா மார்க்கெட், பூ வாங்கினது, ஒரு மணி நேரம்'. மூன்றாவது கட்டத்தில் மதிப்பெண் போட அம்மா மறந்துவிட்டிருந்தாள். எழுப்பிக் கேட்கலாமா என்று மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா தூங்கிப்போயிருந்தாள்.